கார்டில் இருக்கும் மகன்

ஃபேக்டரி ஆஸ்பத்திரி கேட்டுக்கு உள்ளே ஞானம்மாள் எனக்கு அம்மா. கேட்டுக்கு வெளியே பெரியம்மா. ஐந்து வயதில் இதை எனக்குப் பழக்கினார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த லைனிலிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். கேட் வந்ததும் அவள் என் கையை ஒருமுறை அழுத்துவாள். அங்கிருந்து அம்மா. தேவராஜ் பெரியப்பாவும் அதே இடத்தில் அப்பா ஆகிவிடுவார். திரும்பி வரும்போது யாரும் கையை அழுத்த மாட்டார்கள். நானே மாற்றிக்கொள்வேன்.

காரணம் சாதாரணமானது. எனக்கு இதயத்தில் ஓட்டை. என்னைப் பெற்றவள் வேம்புலியம்மாள், பெரியம்மாவின் தங்கை. பாரிவாக்கத்தில் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா செங்கல்வராயன் லாரி கிளீனர். ஒரு நடை போனவர் திரும்பி வரவில்லை. ஆபரேஷனுக்கு வழியில்லை. பெரியப்பா ஃபேக்டரியில் ஃபிட்டர். அவருடைய மெடிக்கல் கார்டில் பிள்ளை என்று பெயர் ஏறிவிட்டால் வைத்தியம் முழுக்க ஃபேக்டரி பொறுப்பு. ஒரு அஃபிடவிட், இரண்டு கையெழுத்து. மகன் என்று ஏறினேன். நெஞ்சைப் பிளந்து ஓட்டையை அடைத்தார்கள். பிறகு குவார்ட்டர்ஸ் ஸ்கூலிலும் அதே அப்பா. ஆதார் வரைக்கும் அதே அப்பா. தே. சரண். லைனில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அவரவர் கார்டிலும் ஒரு மச்சினனோ மாமியாரோ இருந்திருப்பார்கள்.

பெரியப்பாவுக்கு நாற்பது வயதில் கால் இறுக ஆரம்பித்தது. வலி கிடையாது. முழங்கால்கள் உரசும். கால் விரல்கள் தரையை இழுக்கும். லைனில் அவருக்கு காம்பஸ் தேவராஜ் என்று பெயர் வைத்தார்கள். ஐம்பத்திரண்டில், வேலைக்கு லாயக்கில்லை என்று மெடிக்கல் போர்டு எழுதி, பென்ஷனோடு அனுப்பிவிட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து கோவில்பதாகையில் இரண்டு ரூம் வீட்டுக்கு வந்தோம். இப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது. கைத்தடி இல்லாமல் கக்கூசுக்குக்கூடப் போக முடியாது.

ஃபேக்டரியின் கான்கிரீட் தரைதான் காலைத் தின்றுவிட்டது என்பது அவர் கட்சி. குடியாத்தத்தில் இருக்கும் அவருடைய அண்ணன் லோகநாதன் தறி நெய்கிறவர். அவர் கான்கிரீட்டில் நின்றதே இல்லை. அவருடைய நடையும் இதேதான். அவர்களுடைய அப்பாவின் நடையும் இதேதான். தெருவில் அவர்கள் வீட்டுக்குக் கொக்கு வீடு என்றே பெயர். இதைச் சொன்னால் பெரியப்பா விட மாட்டார்.

"அண்ணன் தறி மிதிச்சி கெடுத்துகினாரு. எங்கப்பன் குடிச்சி கெடுத்துகினான். நான் ஃபேக்டரில கெடுத்துகினேன். ஆளுக்கு ஒரு காரணம் கீது. நீ போயி தூங்கு."

பேச்சை ஆரம்பித்தது கவிப்பிரியா. பெரியம்மாவின் சொந்த மகள், எனக்குத் தங்கை. இருபத்தேழு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கண்ணாடி லென்ஸ் செய்கிற கம்பெனியில் க்வாலிட்டி பார்க்கிறாள். கொரட்டூரில் இருக்கும் விஜய் என்பவனைக் கட்டிக்கொள்வதாக முடிவு செய்திருந்தாள். அந்த மாதத்தில் ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டில் அவளுடைய இடது செருப்பு இரண்டு முறை கழன்று விழுந்தது. ஒருநாள் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். புதுச் செருப்பு, ஒன்றும் தெரியவில்லை என்றேன்.

"நைனா நோவு எனக்கு வருமா வராதா, அது தெரியணும்" என்றாள். "வரும்னா அவன்கிட்ட சொல்லிட்டு கல்யாணம் பண்ணிக்கிறேன். வராதுன்னா வாய மூடிகினு பண்ணிக்கிறேன். தெரியாம இன்னாத்த சொல்றது?"

"எதுவும் சொல்லாத. கண்ணாலம் பண்ணு" என்றாள் பெரியம்மா.

"நீ அப்டித்தான் ஏமாந்த."

"நான் ஏமாறல. இவுரு நடந்தா வந்தாரு கல்யாணத்துக்கு? ஓடி வந்தாரு."

பெரியப்பா கட்டிலில் இருந்து சிரித்தார். "பஸ்ஸு போய்டும்னு ஓடி வந்தேன்டி."

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் காலேஜை விட்டேன். எஸ்டேட்டில் ஒரு மாடியில் இரவு ஷிஃப்ட். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் மைக்ரோஸ்கோப்பில் எடுத்த வீடியோக்களை அனுப்பும். நரம்பு செல்லுக்குள் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் நகரும். ஒவ்வொரு புள்ளியையும் தொடர்ந்து குறிக்க வேண்டும். முன்னே போகிறது, பின்னே போகிறது, நிற்கிறது. மூன்று பட்டன்கள். இப்படி எட்டு வருடம்.

புள்ளிகள் தாமாக நகர்வதில்லை. செல்லுக்குள் மெல்லிய குழாய்கள் தண்டவாளம் போல நீண்டு கிடக்கும். அதன்மேல் கைனசின் என்ற புரோட்டீன் இரண்டு கால் வைத்து நடக்கும். தலையில் ஒரு பொட்டலம். உள்ளே தயாரானதை நரம்பின் கடைசி முனைக்குக் கொண்டு போவது அதன் வேலை. முனையில் சேர்ந்த குப்பையைத் திருப்பிக் கொண்டு வருவது டைனீன் என்ற இன்னொன்று. ஒன்று பாதியில் விழுந்தால் பக்கத்தில் இருப்பது பொட்டலத்தைப் பிடித்துக்கொள்ளும். மூளையிலிருந்து கீழ்முதுகு வரைக்கும் ஒரே செல்லின் வால் அரை மீட்டருக்கு மேல் போகிறது. அதைக் கடக்க ஆறு கோடி அடிக்கு மேல் வைக்க வேண்டும். கைனசின் வேகத்துக்கு ஐந்தாறு நாள். யாருக்கும் தெரியாமல் எல்லார் உடம்பிலும் இது நடந்துகொண்டிருக்கிறது. இதில் மலைக்க ஒன்றுமில்லை. எட்டு வருடம் பார்த்தால் மலைப்பு போய்விடும்.

வேலையில் ஒரே ஒரு கண்டிப்பான விதி. ஒரு புள்ளி மங்கி மறைந்து, சற்றுத் தள்ளி இன்னொன்று தோன்றினால், இரண்டையும் ஒரே புள்ளி என்று இணைக்கக் கூடாது. அப்படி இருக்கும் என்று தோன்றினாலும் கூடாது.

நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பரம்பரை நரம்பு நோய்க்கென்று தனிப் பிரிவு இருந்தது. ஆராய்ச்சித் திட்டம் என்பதால் இலவசம். ஃபேக்டரி ஆஸ்பத்திரியில் சிபாரிசுக் கடிதம் வாங்கி, கார்டு நகலையும் சேர்த்து, பெரியப்பாவை ஆட்டோவில் ஏற்றிப் போனோம். டாக்டர் ஷோபனாவுக்கு நாற்பது வயது இருக்கும். அவசரப்படாமல் பேசினார். பெரியப்பாவின் முழங்காலில் சுத்தியலால் லேசாகத் தட்டினார். கால் எகிறி மேஜையை உதைத்தது.

அன்று எடுத்த ரத்தத்துக்கு இரண்டு மாதம் கழித்து முதல் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அதை எங்களுக்கு விளக்கினார்.

"உங்க உடம்புல சரக்கு சுமக்கிற ஒரு மோட்டார் புரோட்டீன் இருக்கு. அதோட ஜீன்ல ஒரு எழுத்து மாறியிருக்கு. அதனால அது ஒழுங்கா நடக்காம இருக்கலாம். நீளமான நரம்புகளுக்குத்தான் முதல்ல பாதிப்பு வரும். காலுக்குப் போற வழிதானே நீளம், அதனாலதான் கால்."

"அப்ப ஃபேக்டரி இல்லியா?" என்றார் பெரியப்பா. அவர் முகம் விழுந்துவிட்டது.

"இல்ல."

"முப்பது வருசம் கான்கிரீட்ல நின்ன காலு டாக்டர்."

"வீட்டுலயே உட்கார்ந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்."

"அதுக்கு வீட்லயே குந்திகினு இருந்திருக்கலாம்" என்றார்.

கவி கேட்க வேண்டியதைக் கேட்டாள். டாக்டர் மறைக்கவில்லை. இந்த மாற்றம்தான் நோய்க்குக் காரணம் என்றால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் காரணம் இதுதான் என்று இன்னும் உறுதியாகவில்லை. உலகத்தில் வேறு யாரிடமும் இதே மாற்றம் பதிவாகவில்லை. சும்மா இருக்கிற மாற்றமாகவும் இருக்கலாம். உறுதியாகும்வரை நோய் இல்லாத ஒருவருக்குச் சோதனை செய்து பலன் சொல்ல முடியாது.

"எப்படி உறுதி பண்ணுவீங்க?"

"குடும்பத்துல கால் இறுகினவங்களுக்கெல்லாம் இந்த மாற்றம் இருக்கணும். வயசாகியும் நல்லா நடக்கிறவங்களுக்கு இருக்கக் கூடாது. பெரியவர் லோகநாதன் ரத்தம் வேணும்." அவர் கார்டு நகலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மகனுக்கு முப்பத்தி நாலு. எந்தக் குறையும் இல்லாம நடக்கிறாரு. இவர் ரத்தம் கொடுத்தா ரொம்ப உதவியா இருக்கும். கவிப்பிரியாவுக்கு வயசு குறைவு, இப்ப நல்லா நடக்கிறதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது."

ஃபேன் ஓடியது. பெரியம்மா என் கையை அழுத்தினாள்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த ரத்தம் எதற்கும் உதவாது என்று அந்த அறையில் நன்றாகத் தெரிந்தவன் நான்தான். ஆனால் இருபத்தொன்பது வருடப் பழக்கம் கேட்டுக்கு உள்ளே வந்ததும் தானாக வேலை செய்கிறது. கையை நீட்டினேன். படிவத்தில் உறவு என்ற இடத்தில் மகன் என்று எழுதினேன்.

வெளியே வந்ததும் கவி, "இன்னா சரண் பண்ற?" என்றாள்.

"கார்டு" என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். "போனா போவுது வுடு. குடியாத்தம் பெரியப்பா ரத்தம் போதும். இவன் ரத்தத்துல இன்னா வந்துடப் போவுது" என்றாள் பெரியம்மா.

ஒரு மாதத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஞானம்மாள் மட்டும் வர வேண்டும், தனியாகப் பேச வேண்டும். நான் ஷிஃப்ட் முடித்து நேராக அவளைக் கூட்டிக்கொண்டு போய் வராந்தாவில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டர் அவளைத் தோளில் தொட்டு வழியனுப்பினார். பெரியம்மா சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதிருக்கவில்லை. வியர்த்திருந்தது.

சென்ட்ரலில் ஆவடி வண்டிக்குக் காத்திருந்தபோதுதான் கேட்டேன்.

"இன்னா கேட்டாங்க?"

"உன்ன யாருக்குப் பெத்தேன்னு கேட்டுச்சு."

பக்கத்தில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். நாங்கள் நான்கு தூண் தள்ளிப் போனோம்.

"ரத்தத்துல தெரிஞ்சிடுமாமே. உனுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்லன்னு மிஷினு சொல்லிடுச்சாம். நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்மா, யாருக்கும் சொல்ல மாட்டேன்னிச்சி. நல்ல பொண்ணு."

"நீ இன்னா சொன்ன?"

"ஆமான்னேன்."

"எதுக்கு ஆமா?"

"அவுருக்குப் பொறக்கலன்னு. நெசந்தான?"

"நான் உனக்கும் பொறக்கல பெரிம்மா."

"அத்த சொன்னா கார்டு வெளிய வரும். கார்டு வந்தா பென்சன நிறுத்துவான். ஏமாத்தி ஆபரேசன் பண்ணேன்னு அந்தக் கால வச்சிகினு அவுரு கோர்ட்டுக்கு நடப்பாரா? நான் ஒருத்தி கெட்டவன்னு போனா போவுது. அந்த டாக்டர நான் மறுக்கா பாக்கப் போறேனா?"

வண்டி வரவில்லை. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். இன்னும் ஏதோ இருந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் கவியப் பத்தி கேட்டுச்சி."

"இன்னான்னு?"

"பொண்ணாவது அவுருக்குத்தானான்னு. நான் கேட்டேன், அவுருக்கு இல்லன்னா இன்னா ஆவும்னு. அவுருக்குப் பொறக்கலன்னா இந்த நோவு வரவே வராதுன்னிச்சி." பாட்டிலை மூடினாள். "அதுவும் அவுருக்கு இல்லன்னுட்டேன்."

நான் அவளைப் பார்த்தேன்.

"இன்னா பாக்குற? உன்ன மவன்னு எழுதுனோம், நெஞ்ச அறுத்து சரி பண்ணான். எழுதலன்னா பாரிவாக்கத்துல பொதச்சிருப்போம். இவள மவ இல்லன்னு எழுதிகினான்னா நோவு அண்டாது."

"எழுதுனா ஒடம்பு மாறுமா?"

"உனக்கு மாறுச்சே" என்றாள்.

வண்டி வந்தது, ஏறினோம்.

டாக்டர் எந்த முடிவும் சொல்லவில்லை. குடும்ப விவரங்களைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும், அதுவரை சோதனையை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று மட்டும் கவிக்குச் செய்தி அனுப்பினார். அது என்னவென்று கவி அம்மாவிடம் கேட்டாள். "உனக்கு வராதுன்ட்டாங்க. அதுக்குத்தான் என்னத் தனியா கூப்ட்டாங்க. சோதன வேணாமாம்" என்றாள் பெரியம்மா. கவி நம்பிவிட்டாள். நம்ப வேண்டும் என்று இருந்தவளுக்கு அது போதும். விஜய்யிடம் சொன்னாள். ஆடி கழிந்து நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று அவன் வீட்டில் பேசினார்கள். பெரியம்மா திருவேற்காடு கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். அந்த மூன்று வாரமும் வீடு சந்தோஷமாக இருந்தது. நான் பகலில் தூங்கினேன்.

கவியிடம் சொல்ல வேண்டுமா என்று நான் யோசித்ததாகச் சொன்னால் அது பெருமை. நான் தள்ளிப் போட்டேன். பெரியம்மா அவமானத்தை வாங்கிக்கொண்டு அடைத்த விஷயத்தை நான் திறக்க வேண்டாம் என்று இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து எஸ்டேட் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கவி வேலைக்கு வந்து இறங்கினாள். ரோட்டைக் கடக்கும்போது கால் தடுக்கி, பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து வந்தாள்.

"ஒரு டீ சொல்லுண்ணா. வர்ற ஞாயித்துக்கிழமை விஜய் வீட்ல வராங்க. ஷேவ் பண்ணிக்கோ. திருடன் மாதிரி கீற."

"உனக்கு வராதுன்னு யாரும் சொல்லல" என்றேன்.

அவள் டீயை வாங்கியபடியே நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாகச் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"நீ அம்மாவுக்குப் பொறக்கலன்னு குவார்ட்டர்ஸுக்கே தெரியும். அத்த சொல்ல இன்னா பயம்?" என்றாள். பிறகுதான் மீதி உறைத்தது. "என்னையும் இல்லன்னு சொல்லிச்சா?"

"சொல்லிச்சு."

"எழுதிகினாங்களா?"

"எழுதியிருப்பாங்க."

டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தாள். "நீ எத்தினி நாளா வச்சினு இருந்த?"

"மூணு வாரம்."

"நல்ல அண்ணன்டா நீ" என்று சொல்லிவிட்டு கம்பெனிக்குள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் ரகளை. கவி கத்தவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. பெரியம்மா முதலில் என்னைத் திட்டினாள், பிறகு டாக்டரைத் திட்டினாள். பெரியப்பாவுக்கு விஷயம் மெல்லத்தான் புரிந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"இவன் எனக்குப் பொறக்கலன்னு சொன்ன. சரி. இவளும் பொறக்கலன்னு சொன்னியா?"

"சொன்னேன். இப்ப இன்னா?"

"அப்ப நான் இன்னா, உன் ஊட்டு வாட்ச்மேனா?"

"அவ கால நெனச்சி சொன்னேன்யா."

"என் மானத்த நெனச்சியா?"

"உன் மானம் எங்க கீது? கார்டுல கீது. அத்த காப்பாத்தத்தான் சொன்னேன்."

பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "டாக்டர் நம்பிடுச்சா?" என்றார்.

"ஒடனே நம்பிடுச்சி."

"அதான்டி எனக்கு ஆத்திரம்."

யாரும் சிரிக்கவில்லை. கவி மட்டும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு சொன்னாள்: "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். நாலு பேரும். இருக்கறத இருக்கறபடி சொல்றோம். பென்சன் போனா போவட்டும், நான் சம்பாதிக்கறேன். ஞாயித்துக்கிழமை யாரும் வர வேணாம்னு நான் சொல்லிட்டேன்."

மறுநாள் டாக்டர் ஷோபனாவின் அறையில் பெரியம்மா மாட்டிக்கொண்டவளைப் போல நின்றபடியே பேசினாள். அஃபிடவிட், தாசில்தார், தங்கச்சி பிள்ளை, ஆபரேஷன். ஒன்றையும் விடவில்லை. முடித்துவிட்டு, "போலீஸுக்குச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"கார்டுக்கு."

டாக்டருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அம்மா, கார்டுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எனக்கு யாருக்கு யார் பொறந்தாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும். அதை வெளியில யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்."

பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்தொன்பது வருடம் பயந்ததை டாக்டர் ஒரு வரியில் தள்ளிவிட்டார். நிம்மதி என்று சொல்ல முடியாது. அவளுக்குக் கோபம் வந்திருந்தது.

டாக்டர் குடும்பப் படத்தை எடுத்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். தேவராஜுக்குக் கீழே இருந்த என் சதுரத்தை அடித்துவிட்டார். கவியின் வட்டத்துக்கு மேலே போட்டிருந்த கேள்விக்குறியை அழித்தார். என்னை அடித்தது தவறில்லை. நான் அங்கே இருந்திருக்கவே கூடாது.

"சரண் ரத்தத்தைக் கணக்குலருந்து எடுத்துட்டா என்கிட்ட சான்று குறையுது" என்றார். "லோகநாதனுக்கு மாற்றம் இருக்கு. ஆனா ரெண்டு பேர் போதாது. அவருக்குப் பிள்ளைங்க இருக்காங்களா? நிஜமான பிள்ளைங்க?"

"ரெண்டு பசங்க. நான் பாக்கவே பொறந்தாங்க" என்றார் பெரியப்பா அவசரமாக.

நானும் கவியும் குடியாத்தம் போனோம். மூத்தவர் குணசேகரனுக்கு நாற்பத்து மூன்று, பஸ் டிரைவர், நடையில் ஒன்றுமில்லை. இளையவர் கஜபதிக்கு முப்பத்தெட்டு. மூன்று வருடமாகக் கால் இறுகுகிறது. வாசலில் எங்களைப் பார்க்க எழுந்து வந்தார். முழங்கால்கள் உரசுகிற அந்தச் சத்தம் எங்கள் இருவருக்கும் பழக்கமானது. கவி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது ஆரம்பித்தது, முதலில் எந்தக் கால், படி ஏறும்போதா இறங்கும்போதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் பொறுமையாகச் சொன்னார். "மொதல்ல யாருக்கும் தெரியாதும்மா. நமக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார்.

இரண்டு பேரின் ரத்தமும் போனது. அங்கே இன்னும் இரண்டு மூன்று பெரியவர்களுடையதையும் வாங்கினார்கள். கால் இறுகிய எல்லோருக்கும் அந்த மாற்றம் இருந்தது. நன்றாக நடந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. காரணம் இதுதான் என்று எழுதினார்கள். அதன் பிறகே கவியைத் தனியாக இரண்டு முறை கூப்பிட்டுப் பேசி, உனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டுமா என்று கேட்டு, அவளுடைய ரத்தத்தை எடுத்தார்கள். இரண்டு முறையும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள்.

முடிவு சொல்கிற நாளில் நான்கு பேரும் உள்ளே இருக்கலாம் என்று கவி சொன்னாள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"கவிப்பிரியா, உங்களுக்கு அந்த மாற்றம் இருக்கு."

பெரியம்மா சத்தம் போடாமல் அழ ஆரம்பித்தாள். பெரியப்பா தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "என்கிட்டருந்து வந்தது" என்றார்.

"வேற யார்கிட்டருந்து வரும் நைனா" என்றாள் கவி. பிறகு டாக்டரிடம் கேட்டாள், "ஆரம்பிச்சிடுச்சா?"

டாக்டர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பாதத்தை மடக்கிப் பார்த்தார். கொஞ்சம் துடிப்பு அதிகம். ஆனால் அது பலருக்கும் இருக்கும். ஆரம்பித்திருக்கலாம், ஆரம்பிக்காமலும் இருக்கலாம். நாற்பதில் வரலாம், ஐம்பதில் வரலாம். நோயை நிறுத்த இப்போது மருந்து கிடையாது. காலைத் தினமும் நீட்டி மடக்கினால் இறுக்கம் தள்ளிப்போகும். குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும்போது முதலில் வந்து பேசினால் சில வழிகள் உண்டு. அவ்வளவுதான் அவர் சொன்னார். கவி எல்லாவற்றையும் போனில் தட்டிக் குறித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி கேன்டீன் வாசலில் நின்று விஜய்க்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"எனக்கு இருக்குதாம்" என்றாள். "இல்ல, முன்னாடி சொன்னது தப்பு... நடக்க முடியாம போவுமான்னு தெரியாது. நைனா இன்னும் நடக்குறாரு, தடி வச்சிகினு... பசங்களுக்கா? பாதிக்குப் பாதி." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்கம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிடு. நாளைக்குன்னு வைக்காத. வச்சா சொல்ல மாட்ட."

அவன் சொல்லிவிட்டான். அதை அவனுக்குச் சாதகமாகத்தான் எழுத வேண்டும். வீட்டில் வேண்டாம் என்றார்கள். அவன் யோசிக்கிறேன் என்றான். இரண்டு வாரம் யோசித்தான். கவி ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. மூன்றாவது வாரம் அவனே கோவில்பதாகைக்கு வந்தான். பெரியப்பாவின் எதிரில் உட்கார்ந்து, எழுந்திருப்பது எப்படி, குளிப்பது எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை முறை விழுகிறீர்கள் என்று கேட்டான். கேட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகும் முடிவு சொல்லவில்லை. கவியின் கணக்கில் அவன் கேட்டதே பெரிது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், மீதி அவன் பாடு என்கிறாள். அவள் சரியாகத் தூங்குகிறாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் பூந்தமல்லியில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குப் போகிறாள். ஏழு வருடமாக எந்தப் பயிற்சிக்கும் மசியாத பெரியப்பாவும் கூட வருகிறார். மகளுக்குத் துணை என்கிறார். அடுத்தடுத்த பாயில் இருவரும் மல்லாந்து படுத்து ஒரு காலைத் தூக்கிப் பட்டையால் இழுத்துப் பிடிக்க வேண்டும். முப்பது எண்ண வேண்டும். பெரியப்பா பன்னிரண்டிலேயே காலைப் போட்டுவிடுவார்.

"நைனா, பதிமூணு."

"வலிக்குது போடி."

"பதிமூணு."

அவர் திட்டிக்கொண்டே காலைத் தூக்குவார்.